சவுதியா, பிரிட்டனா: நாட்டுச் சராசரியை வைத்து ஒரு நர்ஸ் முடிவெடுக்க முடியுமா?

பாலக்கோட்டில் என் வீட்டுக்கு யோசனை கேட்டு வரும் நர்சிங் பிள்ளைகள் செல்போனில் ஒரு பட்டியலைக் காட்டுவார்கள். எந்த நாட்டில் சராசரிச் சம்பளம் எவ்வளவு என்ற பட்டியல். மேலே சுவிட்சர்லாந்து, லக்சம்பர்க், அமெரிக்கா. நடுவில் பிரிட்டன். நம் நாட்டைத் தேடிக் கீழே போக வேண்டும். “அக்கா, பிரிட்டன் இவ்வளவு மேல இருக்கு, நீங்க ஏன் சவுதிக்குப் போனீங்க?” என்று கேட்பார்கள்.

2019ல் எனக்கு இரண்டு வாய்ப்பும் இருந்தது. சவுதி மருத்துவமனை ஒன்றின் ஆஃபர் லெட்டர் கையில். பிரிட்டன் மருத்துவமனை ஒன்று நேர்காணலில் தேர்வு செய்துவிட்டு, ஆங்கிலத் தேர்வை முடித்துவிட்டு வா என்றது. நான் சவுதியை எடுத்தேன், ஐந்து ஆண்டு இருந்தேன். இன்று மறுபடி அதே நிலையில் நின்றாலும் அதையேதான் எடுப்பேன். அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பட்டியலில் என்ன கோளாறு என்று முதலில் பார்த்துவிடலாம். பாலக்கோடு மண்டியில் ஒன்பது பேர் தக்காளி கிரேட்டை 200 ரூபாய்க்கு விற்று, ஒருவர் மட்டும் 1,200க்கு விற்றால் சராசரி 300. அந்த 300 ரூபாயை அன்று யாருமே வாங்கவில்லை. சம்பளத்திலும் இதே கதைதான். அதனால் சராசரியைவிட, எல்லாரையும் வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்பவரின் சம்பளத்தைப் பார்ப்பது நல்லது. இடைநிலை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அது. பிரிட்டனில் முழுநேர வேலையில் இருப்பவர்களின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 2024 ஏப்ரலில் 37,430 பவுண்டு. பவுண்டு 115 ரூபாய் என்று வைத்தால் 43 லட்சம். நம் நாட்டில் மாதச் சம்பளக்காரர்களின் சராசரி மாதம் 20 ஆயிரத்தை ஒட்டித்தான் வருகிறது, ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்கும் கீழே. பதினெட்டு மடங்கு வித்தியாசம். பிள்ளைகளுக்குக் கண் விரிவதில் தப்பே இல்லை.

ஆனால் அந்த நடுவில் நிற்பவர் நீங்கள் இல்லை. பிரிட்டன் அரசு மருத்துவமனையில் புதிதாகச் சேரும் நர்ஸ் ‘பேண்ட் 5’ என்ற நிலையில் சேருகிறார். 2025-26ல் அதன் தொடக்கச் சம்பளம் 31,049 பவுண்டு, அதாவது இடைநிலைக்கும் கீழே. சிங்கப்பூர்க் கணக்கு இன்னும் தெளிவு. 2024ல் அங்கே இடைநிலை மாத வருமானம் 5,500 சிங்கப்பூர் டாலர் என்று சொன்னார்கள். அதில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டும்தான் சேர்த்தி, முதலாளி போடும் சேமநிதியும் அதற்குள் அடக்கம். ஒர்க் பெர்மிட்டில் போகிறவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. சவுதியில் வெளிநாட்டுக்காரருக்கென்று சட்டம் போட்ட குறைந்தபட்சக் கூலியே கிடையாது. உங்கள் சம்பளம் உங்கள் லெட்டரில் எழுதியிருப்பது மட்டும்தான்.

அப்புறம் ‘வாங்கும் திறன்’ என்று திருத்திப் போட்ட பட்டியல் ஒன்றும் வரும். வங்கியில் ஒரு டாலருக்கு 85 ரூபாய்க்கு மேல் கொடுக்கிறார்கள். அந்தக் கணக்கிலோ ஒரு டாலர் சுமார் 20 ரூபாய்க்குச் சமம், ஏனென்றால் இங்கே அரிசி, முடிவெட்டு, பஸ் டிக்கெட் எல்லாம் மலிவு. சம்பாதிக்கும் ஊரிலேயே செலவு செய்து வாழ்கிறவருக்கு அது சரியான கணக்கு. நாம் அப்படி இல்லையே. சம்பளத்தில் ஒரு பங்கு அங்கே வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போகிறது, மீதிப் பங்கு பாலக்கோட்டுக்கு வந்து இங்கத்து விலையில் செலவாகிறது. முதல் பங்குக்கு அந்த ஊர் விலைவாசி, இரண்டாவது பங்குக்கு வங்கி ரேட். இரண்டையும் பிரிக்காமல் போட்ட எந்தக் கணக்கும் நமக்கு உதவாது.

என் கணக்கை ஓசூரிலிருந்து தொடங்குகிறேன். தனியார் மருத்துவமனையில் ஐசியு வேலை, 14 ஆயிரம் சம்பளம். ஹாஸ்டல், மெஸ், பஸ் போக ஆறாயிரத்துச் சொச்சம் மிஞ்சும். வீட்டில் மாமனார் மூன்று முறை போர் போட்டு, மூன்றிலும் தண்ணீர் வராமல், ஆறு லட்சம் கடன். இரண்டு ரூபாய் வட்டி. மாதம் 12 ஆயிரம் வட்டிக்கு மட்டும். எனக்கு மிஞ்சியதைப் போல இரண்டு மடங்கு அது. (அரசில் ஒப்பந்த நர்சுக்கு இப்போது 18 ஆயிரம். அது கிடைத்திருந்தாலும் வட்டியைத் தாண்டி அசலைத் தொட்டிருக்க முடியாது.)

பிரிட்டனுக்கு ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் எழுத்துக்கு 6.5, மற்ற மூன்றுக்கும் 7 வேண்டும். இரவுப் பணி பார்த்துக்கொண்டே படித்து அதை வாங்க எனக்கு ஒரு வருஷமாவது ஆகியிருக்கும். அந்த ஒரு வருஷ வட்டி மட்டும் 1 லட்சத்து 44 ஆயிரம். இது என் வீட்டு அவசரம், எல்லாருக்கும் பொருந்தாது.

எல்லாருக்கும் பொருந்துவது வாடகை. வெளிநாட்டுச் சம்பளத்தில் கையில் என்ன நிற்கும் என்பதை, நான் பார்த்தவரை, வேறெதையும்விட அதிகமாகத் தீர்மானிப்பது தங்குமிடச் செலவை யார் ஏற்கிறார் என்பதுதான்.

சவுதியில் நான் இருந்தது அபா என்ற மலை ஊர். 2,200 மீட்டர் உயரம், ஓசூரைவிடக் குளிர். மருத்துவமனையே ஹாஸ்டல் கொடுத்தது. அறைக்கு இரண்டு பேர், மாடிக்கு ஒரு சமையலறை, பணிக்குப் போக வர மருத்துவமனை பஸ், ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு விமான டிக்கெட். சம்பளம் கடைசியில் 4,800 ரியால். வருமான வரி கிடையாது. சமையலுக்கும் செல்போனுக்கும் மற்றதுக்கும் 700 போனால் 4,100 ரியால் நிற்கும். ரியால் 23 ரூபாய் என்றால் 94 ஆயிரம். சவுதி ரியால் 1986லிருந்து டாலருக்கு 3.75 என்று கட்டிவைக்கப்பட்டது. அதனால் டாலர் ஏறினால் நம் வீட்டுக்கு வரும் பணமும் ஏறும். வேலையை முடித்துக் கிளம்பும்போது முதல் ஐந்து ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் கணக்கிட்டுப் பணிக்கொடையும் தருவார்கள். ஒப்பந்தம் முடியாமல் நாமாக ராஜினாமா செய்தால் அதில் வெட்டு உண்டு, ஆகவே தேதியைப் பார்த்துக் கிளம்ப வேண்டும்.

இப்போது பிரிட்டன். என்னோடு படித்தவள் அங்கே ஒரு நடுத்தர நகரத்தில் இருக்கிறாள். கீழே வருகிற செலவுக் கணக்கு அவள் சொன்னது, நான் அங்கே வாழ்ந்து பார்த்ததில்லை. 31,049 பவுண்டு என்றால் மாதம் 2,587. பென்ஷன் பிடித்தம், 20 சதவீத வருமான வரி, தேசியக் காப்பீடு எல்லாம் போக ஏறக்குறைய 1,985 கையில் வரும். பலரோடு பகிரும் வீட்டில் ஓர் அறை, கரண்ட், கேஸ் சேர்த்து 650. சாப்பாடு 200, பஸ், போன் 100. மிச்சம் 1,035 பவுண்டு, அதாவது 1 லட்சத்து 19 ஆயிரம் ரூபாய்.

சரி, என்னைவிட 25 ஆயிரம் அதிகம்தானே? ஆமாம். விமான டிக்கெட்டையும் பணிக்கொடையையும் மாதக் கணக்காக்கி என் பக்கம் சேர்த்தாலும் 15 ஆயிரமாவது அவள் முன்னால்தான் இருக்கிறாள். தனி ஆளாக, ஓர் அறையில் காலம் தள்ளத் தயாராக இருப்பவருக்குப் பிரிட்டன் மேல். அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் பிரிட்டனுக்கு யாரும் அப்படி இருக்கப் போவதில்லை. கணவனையும் பிள்ளையையும் கூட்டிக்கொள்ளலாம் என்பதுதான் அந்த விசாவின் பெரிய ஈர்ப்பே. அவளும் ஒன்றரை வருஷத்தில் கூட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து கணக்கு தலைகீழ். பகிரும் வீட்டில் குடும்பத்தோடு இருக்க முடியாது, இரண்டு படுக்கையறை வீடு வேண்டும். வாடகை 1,050. அதன்மேல் கவுன்சில் வரி என்று உள்ளாட்சிக்குக் கட்டுவது 140. குளிர்காலத்தில் கேஸும் கரண்டும் 150. சாப்பாடு 400, போக்குவரத்து 100. மொத்தம் 1,840. நிற்பது 145 பவுண்டு, 16 ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். கணவருக்கு வேலை கிடைக்க ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் ஊருக்கு அவளால் எதுவும் அனுப்ப முடியவில்லை. போனில் அழுதாள். அவள் ஓவர்டைம் பார்க்காத வாரம் கிடையாது. சம்பளம் ஒரு பைசா குறையவில்லை. ஏறிய செலவில் பெரும்பங்கு வாடகையும் வீட்டோடு வந்த செலவும்தான்.

இந்த வாடகை விஷயத்தில் சவுதியிலும் ஏமாறலாம். லெட்டரில் ‘தங்குமிடம் வழங்கப்படும்’ என்று இருக்கிறதா, ‘தங்குமிடப் படி’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது என்றால் வாடகை ஏறுவது அவர்கள் கவலை. இரண்டாவது என்றால் உங்கள் கவலை. என் அறைத்தோழி முதலில் வேலை பார்த்த தனியார் மருத்துவமனையில் படி கொடுத்தார்கள். அவளுக்கு என்னைவிட 600 ரியால் கூடுதல் சம்பளம், கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது. அறை வாடகை, டாக்சி இரண்டும் போக அவளிடம் நின்றது என்னிடம் நின்றதைவிடக் குறைவு. பெண்கள் இரவுப் பணி முடிந்து டாக்சி பிடிப்பதில் உள்ள பயத்துக்கு விலை போட முடியாது. லெட்டரில் மாதச் சம்பளத்துக்கு அடுத்தபடி நான் தேடிப் படிக்கும் வரி இதுதான், பிள்ளைகளுக்கும் அதைத்தான் விரல் வைத்துக் காட்டுகிறேன்.

போகும் செலவு இரண்டு நாட்டுக்கும் பெரிதில்லை, வழி தெரிந்தால். 2015லிருந்து வளைகுடா உள்ளிட்ட நாடுகளுக்கு நர்ஸ் வேலைக்குப் போக அரசு முகமைகள் வழியைத் திறந்திருக்கிறார்கள். நம் மாநிலத்துக்குச் சென்னையில் உள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். 30 ஆயிரம் சேவைக் கட்டணம், ஜிஎஸ்டி சேர்த்து 35,400. தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் யாராவது நர்ஸ் வேலைக்கு மூன்று லட்சம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஜெர்மனியைப் பற்றியும் கேட்கிறார்கள். அங்கே பெரும்பாலும் பி2 அளவு, அதாவது தடுமாறாமல் பேசிப் பழகும் அளவுக்கு, ஜெர்மன் மொழி வேண்டும். வரியும் சமூகக் காப்பீடும் சேர்ந்து சம்பளத்தில் பெரிய பங்கை எடுத்துக்கொள்ளும். அங்கே போனவர்கள் யாரும் எனக்குப் பழக்கமில்லை, அதனால் இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

என் கணக்கில் வராத ஒன்று இருக்கிறது. நான் கிளம்பும்போது மகனுக்கு மூன்று வயது, அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன். 2020 மார்ச்சில் விமானங்கள் நின்றபோது என் விடுமுறையும் நின்றது. அடுத்த முறை நான் வீட்டு வாசலில் இறங்கியபோது அவன் பாட்டியின் பின்னால் போய் நின்றுகொண்டான். கடன் இரண்டு வருஷத்தில் அடைந்தது. மீதி மூன்று வருஷத்தில் வீட்டுக்கு மேல்தளம் போட்டோம், நான்காவது போரில் தண்ணீரும் வந்தது. கடன் இல்லாத பெண், கைக்குழந்தையோடு வந்து கேட்டால், பிரிட்டனில் கையில் எதுவும் நிற்காது என்று தெரிந்தும் நான் பிரிட்டனைத்தான் சொல்கிறேன். போன மாதம் காரிமங்கலத்திலிருந்து வந்த பெண்ணிடமும் அதையே சொல்லி, ஐஇஎல்டிஎஸ் புத்தகத்தைக் கொடுத்து அனுப்பினேன்.