வைரஸ் புகுந்த கணினியிலிருந்து கோப்புகளை மீட்க எந்த வழி?

கோப்புகள் எல்லாம் போய்விட்டன என்று யாராவது பதறிக்கொண்டு வந்தால், நான் முதலில் கேட்பது "எப்படிப் போயின?" என்றுதான். விண்டோஸே திறக்கவில்லையா? திறந்தும் ஃபோல்டர் காலியாகத் தெரிகிறதா? கோப்பு நிஜமாகவே அழிந்துவிட்டதா? இல்லை, கோப்பு அங்கேயே இருந்தும், பெயருக்குப் பின்னால் புதிதாக ஒரு வால் முளைத்து, திறக்க மறுக்கிறதா? இவை நான்கும் நான்கு விதமான சேதம். ஒன்றுக்குக் கைகொடுக்கும் வழி இன்னொன்றில் மிச்சமிருப்பதையும் கெடுத்துவிடும். அதனால் எந்த மென்பொருள் சிறந்தது என்று தேடுவதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள்.

எந்தச் சேதமானாலும் முதல் வேலை ஒன்றுதான். இணையத்தைத் துண்டியுங்கள். அந்த டிஸ்கில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். ஃபார்மட் செய்து விண்டோஸை மறுபடி போடுவது, மீட்பு மென்பொருளை அதே டிஸ்கில் நிறுவுவது இரண்டும் கூடாது. வைரஸிடம் தப்பிய கோப்புகளைப் பலர் இந்த அவசரத்தில்தான் இழக்கிறார்கள்.

விண்டோஸ் திறக்கவில்லை: லைவ் யுஎஸ்பியா, டிஸ்கைக் கழற்றுவதா?

இந்த நிலையில் பெரும்பாலும் கோப்புகள் பத்திரமாகவே இருக்கும். லைவ் யுஎஸ்பி என்றால், சுத்தமான வேறொரு கணினியில் உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டை (விண்டோஸுக்குப் பதிலான இலவச லினக்ஸ் இயங்குதளங்கள்) ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பாதிக்கப்பட்ட கணினியைத் தொடங்குவது. எதையும் நிறுவ வேண்டாம். விண்டோஸ் விழித்துக்கொள்ளாததால் அதில் ஒட்டியிருக்கும் வைரஸும் இயங்காது. வேண்டியதை வெளி டிஸ்குக்கு நகலெடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் முழுமையாக அணைக்கப்படாமல் இருந்திருந்தால், அந்த டிஸ்கைப் படிக்க மட்டும்தான் லினக்ஸ் அனுமதிக்கும். நமக்கு வேண்டியதும் அதுதான். உண்மையான முட்டுக்கட்டை பிட்லாக்கர், அதாவது டிஸ்க் முழுவதையும் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. அது இயங்கும் கணினி என்றால் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் உள்ளே போக முடியாது. பலருக்கு அந்தச் சாவி அவர்களுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும்.

டிஸ்கைக் கழற்றி, யுஎஸ்பி உறையில் போட்டு, வேறு கணினியில் செருகுவதும் நடக்கிற காரியம்தான். மதர்போர்டே போய்விட்டது என்றால் அதுதான் வழி. ஆனால் செருகுவதும் ஒரு விண்டோஸ் கணினியில் என்றால், தவறிப்போய் ஒரு கோப்பைச் சொடுக்கினாலே அதற்கும் தொற்றிக்கொள்ளும். மெல்லிய லேப்டாப்கள் சிலவற்றில் சேமிப்புச் சில்லு போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், கழற்றவே முடியாது. என் ஓட்டு லைவ் யுஎஸ்பிக்கு. எந்த வழியில் போனாலும் படங்கள், ஆவணங்கள், வீடியோக்களை மட்டும் எடுங்கள். நிரல் கோப்புகளை விட்டுவிடுங்கள்.

விண்டோஸிலேயே இருக்கும் "என் கோப்புகளை வைத்துக்கொள்" ரீசெட்டைப் பலரும் பரிந்துரைப்பார்கள். நகலெடுத்து முடித்த பிறகு அதைச் செய்யலாம், முன்னால் வேண்டாம். சிஸ்டம் ரீஸ்டோர் இந்தப் போட்டியிலேயே இல்லை. அது கணினி அமைப்புகளைத்தான் பின்னுக்குக் கொண்டுபோகும், உங்கள் புகைப்படங்களையும் கடிதங்களையும் தொடாது.

கோப்பு மறைந்திருக்கிறது

பென் டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டனவா? கோப்புகள் அழியவில்லை. மறைவு, சிஸ்டம் என்ற இரண்டு அடையாளங்களை அவற்றின் மேல் வைரஸ் ஒட்டியிருக்கிறது, அவ்வளவே. விண்டோஸின் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் அட்ரிப் (attrib) கட்டளையால் அந்த அடையாளங்களை நீக்கலாம், அல்லது லினக்ஸில் செருகிப் பார்த்தால் அப்படியே தெரியும். இதற்குப் போய் மீட்பு மென்பொருள் தேவையில்லை.

அழிந்துவிட்டது: ரெக்குவாவா, போட்டோரெக்கா?

இரண்டும் அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருள்கள். ரெக்குவா, டிஸ்கின் கோப்புப் பட்டியலில் மிச்சமிருக்கும் பதிவுகளைப் பார்க்கிறது. பதிவு இருந்தால் பெயரோடும் ஃபோல்டரோடும் கோப்பு திரும்ப வரும். பயன்படுத்தவும் எளிது. பட்டியலே சிதைந்துவிட்டால் அதன் கை கட்டப்பட்டுவிடும். போட்டோரெக் பட்டியலைப் பொருட்படுத்துவதே இல்லை. டிஸ்கை முதலிலிருந்து கடைசிவரை படித்து, ஒவ்வொரு கோப்பு வகைக்கும் உரிய தொடக்க அடையாளத்தைத் தேடி எடுக்கிறது. பெயர் "போட்டோ" என்று தொடங்கினாலும் 480-க்கும் மேற்பட்ட வகைகளை அதற்குத் தெரியும். ஆனால் பழைய பெயர்கள் எதுவும் மிஞ்சாது. எண்களைப் பெயராகக் கொண்ட ஆயிரக்கணக்கான கோப்புகளை வைத்துக்கொண்டு நாள்கணக்கில் பிரிக்க வேண்டியிருக்கும். துண்டு துண்டாகச் சேமிக்கப்பட்டிருந்த கோப்புகள் உடைந்தும் வரலாம். அதனால் முதலில் ரெக்குவா, அது தோற்றால் போட்டோரெக். முழு டிரைவே காணாமல் போயிருந்தால் இரண்டுக்கும் முன்னால் டெஸ்ட்டிஸ்க். போட்டோரெக்கை உருவாக்கியவருடைய கருவிதான் அதுவும், டிஸ்கில் தொலைந்துபோன பகுதிகளின் (பார்ட்டிஷன்களின்) அட்டவணையைச் சீர்செய்யும். மீட்டதை வேறொரு டிஸ்கில்தான் சேமிக்க வேண்டும்.

இதெல்லாம் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்குக்கு. சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் நிலைமை வேறு. கோப்பை அழித்ததும் ட்ரிம் என்ற கட்டளை போய், அந்த இடத்தை எஸ்எஸ்டி தானே துடைத்துவிடுகிறது. மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தாலே துடைப்பு நடந்துகொண்டிருக்கும். எந்த மென்பொருளைப் போட்டாலும் வாய்ப்பு மிகக் குறைவு.

பூட்டப்பட்டது: இங்கேதான் வழிகள் மோதுகின்றன

ரேன்சம்வேர் என்ற வைரஸ் வகை கோப்பைக் குறியாக்கம் செய்து, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி, அந்தச் சாவிக்குப் பணம் கேட்கிறது. வெளியே கழற்றி வைத்திருந்த பேக்கப் இருந்தால் இந்தப் பகுதியையே தாண்டிப் போகலாம். அடுத்தது மேகக் கணக்கு. பூட்டிய கோப்பு ஒன்டிரைவுக்கும் கூகுள் டிரைவுக்கும் போய்ச் சேர்ந்திருந்தாலும், பழைய பதிப்புகள் அங்கே இருக்கக்கூடும். மைக்ரோசாஃப்ட் 365 சந்தாதாரர்கள் ஒன்டிரைவ் முழுவதையும் 30 நாள்களுக்குள் ஒரு தேதிக்குத் திருப்ப முடியும். விண்டோஸ் தானே எடுத்துவைக்கும் பழைய பதிப்புகளான ஷேடோ நகல்களையும் ஒரு முறை பாருங்கள். பெரும்பாலான ரேன்சம்வேர்கள் அவற்றை முதலிலேயே அழித்துவிடும், ஆனாலும் சில நேரம் அந்த அழிப்பு தோற்றுப்போயிருக்கும்.

இவை எதுவும் இல்லையென்றால், இலவசத் திறப்புக் கருவியா, பணம் கொடுப்பதா? நான் முதலாவதையே சொல்வேன். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல், நெதர்லாந்து காவல்துறை, கணினிப் பாதுகாப்பு நிறுவனங்களான காஸ்பர்ஸ்கி, இன்டெல் செக்யூரிட்டி சேர்ந்து 2016 ஜூலையில் தொடங்கிய நோ மோர் ரேன்சம் தளத்தில், பூட்டிய கோப்பையும் மிரட்டல் குறிப்பையும் ஏற்றினால் எந்த வகை என்று சொல்லும், கருவி இருந்தால் தரும். எல்லாவற்றுக்கும் இல்லை. வீட்டுக் கணினிகளை அதிகம் தாக்கிய ஸ்டாப் (STOP) என்ற ரேன்சம்வேர் வகையில், வைரஸ் தன் சர்வரோடு பேச முடியாதபோது பலருக்கும் ஒரே ஆஃப்லைன் சாவியைப் போட்டிருக்கும். அந்தச் சாவி கிடைத்துவிட்டால் திறக்கலாம். ஆளுக்கொரு ஆன்லைன் சாவி விழுந்திருந்தால் இப்போதைக்கு வழியில்லை. அப்போதும் ஒரு கீற்று உண்டு: இந்த வகை கோப்பின் முதல் 150 கேபி அளவை மட்டுமே பூட்டுகிறது. நீளமான வீடியோக்களைச் சீர்செய்து பெருமளவு மீட்க முடிகிறது. சிறிய ஆவணங்கள்தான் முழுதாகப் போகின்றன.

தேடுபொறியில் கண்ட கருவியை இறக்காதீர்கள். ஸ்டாப் வகைக்குத் திறப்புக் கருவி என்று சொல்லிக்கொண்டு 2020-ல் பரவிய ஒன்று, ஏற்கெனவே பூட்டிய கோப்புகளை இரண்டாவது முறை பூட்டியது. ஏற்கெனவே நொந்திருப்பவர்களை அது இன்னொரு முறை வதைத்தது.

பூட்டப்பட்ட கணினியில் போட்டோரெக் உதவுமா? வகையைப் பொறுத்தது. 2017 மே மாதத்தில் உலகை உலுக்கிய வானாக்ரை ரேன்சம்வேர், டெஸ்க்டாப்பிலும் டாக்குமென்ட்ஸிலும் இருந்த மூலக் கோப்புகளின் மேல் எழுதி அழித்தது. மற்ற சில இடங்களில் இருந்தவற்றைச் சும்மா நீக்கியது, அவை மீட்கக்கூடியவையாக இருந்தன. எக்ஸ்பி, விண்டோஸ் 7 கணினிகளில் அதன் சாவிக்கு அடிப்படையான பகா எண்கள் நினைவகத்தில் தங்கியிருந்ததால், ரீஸ்டார்ட் செய்யாதவர்கள் சிலருக்குக் கோப்புகளே திரும்பக் கிடைத்தன. பூட்டி முடித்துவிட்டது என்று தெரிந்தால் அணைக்க அவசரப்படாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பணம் கொடுப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, குழந்தையின் படங்கள் அத்தனையும் அதற்குள் இருக்கலாம். ஆனாலும் அது உறுதி இல்லாத பேரம். 2017 ஜூனில் வந்த நாட்பெட்யாவில் திரையில் காட்டிய அடையாள எண்ணே வெறும் தற்செயல் எழுத்துகள்தான். அதைக் கொண்டு சாவியைக் கண்டுபிடிக்க அதைப் பரப்பியவர்களாலும் முடியாது.

மீட்பு ஆய்வகங்கள் டிஸ்க் சத்தம் போடும்போதும், தண்ணீரில் நனைந்தபோதும் உண்மையாகவே உதவுகின்றன. சரியாகச் செய்யப்பட்ட குறியாக்கத்தை அவர்களாலும் உடைக்க முடியாது. "எதையும் திறந்து தருகிறோம்" என்று ஒருவர் சொன்னால், எந்த முறையில் என்று எழுத்தில் கேளுங்கள். உங்களிடம் வாங்கும் தொகையில் திருடனுக்குக் கொடுத்துச் சாவி வாங்குகிறவர்களும் உண்டு.

எதுவும் பலிக்கவில்லை என்றாலும் பூட்டிய கோப்புகளையும் மிரட்டல் குறிப்பையும் ஒரு தனி டிஸ்கில் நகலெடுத்து, தேதி எழுதி எடுத்து வையுங்கள். டெஸ்லாகிரிப்ட் ரேன்சம்வேரை உருவாக்கியவர்கள் 2016 மே மாதத்தில் தொழிலை மூடியபோது முதன்மைச் சாவியையே வெளியிட்டார்கள். அதற்குள் டிஸ்கை ஃபார்மட் செய்துவிட்டவர்களிடம் திறப்பதற்குக் கோப்பு இல்லை.