பாலத்து நடுவில் நின்ற மோட்டாரும் மாறிப்போன கார்புரேட்டரும்

பினாங்கில் பிறை, செபராங் ஜெயா பக்கம் பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள். ரிப்பேர் கடைப் பெயரைக் கேட்காதீர்கள், புகார் கொடுத்திருக்கிறேன். முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடைசியில் நீங்கள் அதைத்தான் பிடித்துக்கொள்வீர்கள்.

என்னுடையது அப்பா ஓட்டிய யமஹா ஆர்எக்ஸ்ஜெட், 133 சிசி, டூ ஸ்ட்ரோக். தினமும் காலையில் பிறையிலிருந்து பினாங்குப் பாலம் ஏறி, தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்குப் போவேன். டாங்கி நிறைய எண்ணெய் (பெட்ரோலைத்தான் சொல்கிறேன்) ஊற்றினால் மூடி ஓரத்தில் கசிந்து பெயிண்டைத் தின்றுகொண்டிருந்தது. மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. உதிரிக் கடையில் கேட்டால் மூடியையே மாற்று என்றார்கள். ஒரு ரப்பருக்கு எதற்கு மூடி என்று, வீட்டில் கிடந்த பழைய டயர் டியூபை வட்டமாக வெட்டிப் போட்டேன். கசிவு நின்றது. ஒரு வாரம் வீட்டில் நான்தான் ஃபோர்மன் (மெக்கானிக்).

அடுத்த வாரம் ஆரம்பித்தது தலைவலி. பினாங்குப் பாலம் மொத்தம் 13.5 கிலோமீட்டர், அதில் எட்டு கிலோமீட்டருக்கு மேல் கடல்மேல் போகிறது. நடுவில் கம்பிவடங்கள் தாங்கும் உயரமான பகுதிக்கு ஏறும்போது மோட்டார் இழுக்காமல் திணறும். எண்ணெய் தீர்ந்தது போலவே இருக்கும். டாங்கியின் அடியில் எண்ணெயைத் திறந்து மூடும் டேப்பை ரிசர்வில் திருப்பினாலும் பலனில்லை. ஓரம் கட்டி அஞ்சு நிமிஷம் நின்றால் ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். பாலத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த அஞ்சு நிமிஷத்தில் பக்கத்தில் ஒவ்வொரு லாரி போகும்போதும் கால் நடுங்கும்.

கடைக்குப் போனேன். போர்டு பெரிது, வாசலில் நாலைந்து ஆர்எக்ஸ்ஜெட் நின்றது, அதைப் பார்த்துத்தான் நம்பினேன். "அண்ணே, ரெண்டு வாரத்துக்கு முன்ன டாங்கி மூடி ரப்பரை நானே மாத்துனேன், அதுக்கப்புறம்தான் இப்படி" என்று வாய் திறந்து சொன்னேன். ஃபோர்மன் சிரித்தார். "மூடிக்கும் இஞ்சினுக்கும் என்னா தம்பி சம்பந்தம்? கார்பு அடைச்சிருக்கு."

கார்பு என்றால் எண்ணெயையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்கு விடும் கார்புரேட்டர். அதைக் கழுவி, பிளக் மாற்றி 85 வெள்ளி (ரிங்கிட்). தெருவைச் சுற்றி ஓட்டிக் காட்டினார், ஜோராக ஓடியது. வீட்டுக்கு வந்தேன், மறுநாள் டாங்கி நிறைய எண்ணெய் ஊற்றினேன், பாலத்தில் நின்றது.

இரண்டாவது தடவை ஹோஸ், டேப், கார்பு ரிப்பேர் கிட், 160 வெள்ளி. ஓடியது. எண்ணெய் ஊற்றினேன். நின்றது. "நீ எண்ணெய் ஊத்துற ஸ்டேஷன்ல தண்ணி கலந்திருக்கு தம்பி" என்றார். ஸ்டேஷனை மாற்றினேன், அங்கேயும் அதே கதை. மூன்றாவது தடவை பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் சிடிஐயும் காயிலும், 240 வெள்ளி. மொத்தம் 485. ரசீது என்று தந்ததெல்லாம் 'மோட்டார் ரிப்பேர்' என்று எழுதிய துண்டுச் சீட்டு. கழற்றிய பழைய சாமான் எங்கே என்று கேட்டால் "குப்பையில போட்டாச்சு."

நாலாவது தடவை பயம் காட்டினார். பிளக்கை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார், நுனி வெள்ளையாக இருந்தது. "பாரு, எண்ணெய் பத்தாம சூடாகுது. டூ ஸ்ட்ரோக் வண்டி, பிஸ்டன் ஜாம் ஆயிடும். பிளாக்கை போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுடலாம், 450." அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கிப் பெரிய பிஸ்டன் போடுவது. இதில் எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னதில் முதல் பாதி உண்மை. எண்ணெய் குறைந்து காற்று அதிகமானால் பிளக் வெளுக்கும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளவும் செய்யும். ஆனால் எண்ணெய் ஏன் பத்தவில்லை என்பதுதானே கேள்வி? பிளாக்கை போர் பண்ணினால் டாங்கியிலிருந்து எண்ணெய் கூடுதலாக இறங்குமா? அன்று இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. சம்பளம் வரட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன், அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து மறுபடி பாலத்தில் நிற்கிறேன். ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டாரில் வந்த ஒரு மலாய்க்காரர், வயது அறுபது இருக்கும், நிறுத்தினார். நான் சொன்னதைப் பாதிகூட அவர் கேட்கவில்லை. "புக்கா துத்துப் மின்யாக் டுலு" என்றார், முதலில் எண்ணெய் மூடியைத் திற என்று. சாவியைப் போட்டு மூடியைத் திறந்தேன். புஸ்ஸ் என்று காற்று உள்ளே இழுத்தது. உதைத்தேன், அடுத்த உதையில் ஸ்டார்ட். எனக்கு வெட்கமா கோபமா என்று தெரியவில்லை. "மூடியில ஓட்டை அடைச்சிருக்கு, போய் பாரு" என்று மலாயில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பேர்கூடக் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். இந்த மாதிரி வண்டியில் எண்ணெய் தன் எடையால்தான் கீழே இறங்குகிறது. பம்ப் கிடையாது. எண்ணெய் இறங்கிய அளவுக்குக் காற்று மேலே நுழைய வேண்டும், அதற்குத்தான் மூடியில் சின்ன வழி வைத்திருக்கிறார்கள். டயர் டியூப் ரப்பர் எண்ணெயில் ஊறினால் உப்பும். நான் வெட்டிப் போட்ட வளையம் ஒரு வாரத்தில் உப்பி அந்த வழியை மூடிவிட்டது. எண்ணெய் படும் இடத்துக்கு நைட்ரைல் மாதிரி எண்ணெய் தாங்கும் ரப்பர்தான் போட வேண்டும்.

கடையில் ஓட்டும்போது மட்டும் ஏன் ஓடியது என்பது அப்புறம்தான் புரிந்தது. வேலை செய்ய டாங்கியைக் கழற்றும்போது எண்ணெயை வடித்துவிட்டு, கொஞ்சமாகத்தான் திருப்பி ஊற்றுவார்கள். டாங்கியில் காற்று நிறைய இருக்கும், கொஞ்சம் எண்ணெய் போனாலும் உள்ளே அழுத்தம் அவ்வளவாகக் குறையாது. தெருவைச் சுற்ற அது போதும். நான் நிறைய ஊற்றியதும் காற்றுக்கு இடமே இல்லை, சீக்கிரமே இழுத்துப் பிடித்துவிடும். டவுனில் மெதுவாகப் போகும்போது ஓரத்தில் கசிகிற காற்று சமாளிக்கும், பாலத்தில் த்ராட்டிலை முறுக்கினால் சமாளிக்காது. அதாவது ஸ்டேஷனில் தண்ணியும் இல்லை ஒன்றும் இல்லை.

உங்கள் வண்டி இப்படி நின்றால் மூடியைத் திறங்கள், காசா பணமா. பக்கத்தில் சிகரெட் மட்டும் வேண்டாம். அதில் தெரியாவிட்டால், நின்றவுடனே டேப்பை மூடிவிட்டு, பத்திரமான இடத்தில் இஞ்சின் ஆறிய பிறகு கார்பு கிண்ணத்தின் அடியில் இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்திப் பாருங்கள். அந்தக் கிண்ணம் காலியாக இருந்தால் கோளாறு மேலே, அதாவது மூடி, டேப், மடங்கிய ஹோஸ், அல்லது கிண்ணத்துக்குள் எண்ணெய் விடும் ஊசி. நிறைய இருந்தால் கார்புக்குள் எண்ணெய் போகும் சின்னத் துளையான ஜெட்டையோ, பிளக்குக்கு வரும் கரண்டையோ பாருங்கள். என்னிடம் வாங்கிய 485 வெள்ளிக்கு இந்த ஸ்க்ரூவை ஒரு தடவைகூட அவர் தளர்த்திப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இதோடு விட்டிருந்தால் தெரியாத ஃபோர்மன் என்று போயிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை அந்த ஸ்க்ரூவைத் தேடப் போய்த்தான் பார்க்கிறேன், கார்பு பளபளவென்று புதிதாக இருக்கிறது. மிக்குனி என்று அசல் கம்பெனிப் பெயர் உடம்பில் அச்சாக இருக்க வேண்டிய இடம் வழுவழுப்பாக இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் ரோட் டேக்ஸ் சமயத்தில் எடுத்த படத்தில் அச்சு தெளிவாகத் தெரிகிறது. அசல் சாமான் கிடைக்காமல் ஆர்எக்ஸ்ஜெட்காரர்கள் அலைகிற காலம் இது. கழுவக் கொடுத்த கார்பு திரும்பி வரவில்லை, நகல் ஒன்று வந்திருக்கிறது.

படத்தோடு போனேன். "கழுவுனா பளபளன்னுதான் இருக்கும் தம்பி" என்றார். அச்சு எங்கே அண்ணே என்றேன். "தேய்ஞ்சிருக்கும்." உலோகத்தில் இருக்கும் எழுத்து ரெண்டு வருஷத்தில் தேயுமாம். இதற்கு மேல் அங்கே பேசவில்லை.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் பாரம் 1 பூர்த்தி செய்து கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை, மூன்று வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும், 50,000 வெள்ளி வரை கேட்கலாம். பாரம் கொடுக்கப் போனபோது ரசீதைத்தான் முதலில் கேட்டார்கள். என் துண்டுச் சீட்டுகளைப் பார்த்த பெண் பெருமூச்சு விட்டார். அதனால் வண்டியைக் கொடுக்கும் முன்னால் கார்பு, சிடிஐ, பிளாக் எல்லாவற்றையும் நம்பர் தெரிய படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றுகிற ஒவ்வொரு சாமானையும் பேர் போட்டு ரசீதில் எழுதச் சொல்லுங்கள். பழையதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள், துருப்பிடித்திருந்தாலும் சரி.

மூடிக்கு நைட்ரைல் வளையம் மூணு வெள்ளிக்குக் கிடைத்தது. இப்போது நிறைய ஊற்றிக்கொண்டுதான் பாலம் ஏறுகிறேன்.

பட்டர்வொர்த், பிறை வட்டாரத்தில் யாராவது பழைய ஆர்எக்ஸ்ஜெட் கார்பு விற்க வந்தால் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். கிண்ணத்தின் இடது பக்கம் அப்பா ஸ்க்ரூ டிரைவர் வழுக்கிக் கீறிய கோடு ஒன்று இருக்கும், பிறை நிலா மாதிரி வளைந்து. இருந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.