பம்பை மாற்றுவதற்கு முன் இந்தக் கடையில் ஒருமுறை காட்டுங்கள்

மாதவரத்தில் ஒரு உள்சந்தில் இருக்கிற சின்ன டீசல் பம்ப் சர்வீஸ் கடை இது, அதாவது லாரி எஞ்சினுக்கு டீசலை அழுத்தி அனுப்புகிற பம்பைப் பார்க்கிற கடை. என்னிடம் இரண்டு வண்டிகள், ஒரு பழைய டாரஸ் லாரி, ஒரு பி.எஸ். 6 (புதுப் புகை விதிப்படி வந்த) டிரெய்லர், இரண்டும் மணலி, எண்ணூர் பக்கம் ஓடுபவை. இந்த வருடம் இரண்டையும் இங்கே கொண்டுவந்தேன். 'பம்ப் போச்சு' என்ற சந்தேகத்தோடுதான் இரண்டுமே வந்தன, ஆனால் கிடைத்த பதில் வேறு வேறு.

முதலில் டாரஸ். காலையில் செல்ஃப் அடித்தால் எடுக்கவே எடுக்காது, லைனில் டீசலை ஏற்றுகிற சின்ன ஹேண்ட் பம்பைக் கையால் பத்துப் பதினைந்து தடவை அழுத்தினால் உடனே பிடித்துக்கொள்ளும், அப்புறம் ஐடிலில் எஞ்சின் தானாக ஏறி இறங்கும். வேறொரு பட்டறையில் பானெட்டைக்கூட சரியாகப் பார்க்காமல் பம்பைக் கழற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இங்கே மெக்கானிக், "பம்பை இப்ப தொட வேணாம் அண்ணே, முதல்ல அதுக்கு டீசல் ஒழுங்கா வந்து சேருதான்னு பார்ப்போம்" என்று சொல்லி, பம்புக்குப் போகிற லைனில் ஒரு முழம் நீளத்துக்கு உள்ளே தெரிகிற மாதிரி பிளாஸ்டிக் டியூப் மாட்டினார். எஞ்சின் ஓட ஓட குமிழி குமிழியாகப் போனதை என் கண்ணாலேயே பார்த்தேன். டேங்கிலிருந்து வரும் ஹோஸில் கிளாம்புக்கு அடியில் மயிரிழை வெடிப்பு. வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாது, ஆனால் டீசலை உறிஞ்சும்போது அந்த வழியாகக் காற்று போகும், ராத்திரி நின்றால் லைனில் இருக்கிற டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். ஹோஸும் இரண்டு செம்பு வாஷரும் மாற்றினார், வண்டி அன்றைக்கே சரி.

டிரெய்லர் கதை வேறு. லோடோடு மேம்பாலம் ஏறினால் இழுவை இருக்காது, மீட்டரில் எஞ்சின் விளக்கு எரியும், மைலேஜும் இறங்கியிருந்தது. சூடாக இருக்கும்போது நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது, அரை மணி நேரம் ஆறவிட்டால் எடுக்கும். இந்தக் கடைசி அடையாளத்தை டிரைவர் சொன்னதும் மெக்கானிக் முகமே மாறிவிட்டது. சூட்டில் டீசல் இளகும், உள்ளே தேய்ந்த பம்பில் இடுக்கு வழியாகக் கசிந்து பிரஷர் ஏறாது என்று விளக்கினார். ஸ்கேனர் போட்டார், செல்ஃப் அடிக்கும்போது ரயில் பிரஷர், அதாவது இன்ஜெக்டர்களுக்கு டீசல் போகிற பொதுக் குழாயில் இருக்கிற அழுத்தம், தேவையான அளவுக்கு வரவில்லை. அதோடு விடாமல் பழைய டீசல் பில்டரை வெட்டி, மடிப்புப் பேப்பரை விரித்து டார்ச் அடித்துக் காட்டினார். ஜரிகைத் தூள் தூவின மாதிரி மினுமினு என்று இருந்தது. பம்ப் தேய்ந்து பில்டரில் இரும்புத்தூள் வந்தால் பம்பை மட்டும் மாற்றிப் பிரயோஜனம் இல்லை, டேங்கைக் கழுவி, பைப்புகளைச் சுத்தம் செய்து, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்களையும் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிப் பார்த்தே ஆக வேண்டும், இல்லையென்றால் புதுப் பம்ப் வந்தும் அதே தொல்லை. செலவு பெரிதுதான், ஆனால் எதற்கு எவ்வளவு என்று முன்னாடியே எழுதிக் கொடுத்தார்கள், கழற்றின சாமான் எல்லாவற்றையும் கையில் கொடுத்தார்கள்.

இந்த மாதிரிப் புது வகைப் பம்புகளுக்குப் பெரும்பாலும் உள்ளே போகிற டீசல்தான் மசகு. டேங்க் வற்றுகிற வரைக்கும் ஓட்டுவதும், பில்டருக்கு அடியில் தேங்குகிற தண்ணீரை வடிக்காமல் விடுவதும் பம்புக்கு எமன். இதை என் டிரைவரை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்கள், அதற்காகவே தனி நன்றி.

குறையும் இருக்கிறது. இரண்டு நாள் என்று சொன்ன டிரெய்லர் வேலை நான்கு நாள் இழுத்தது, எனக்கு ஒரு டிரிப் போச்சு. சாயங்காலத்துக்கு மேல் போன் எடுப்பதில்லை. டிரெய்லரை உள்ளே விட இடம் கிடையாது, மெயின் ரோட்டில்தான் போட வேண்டும்.

போகிறவர்கள் பழைய பில்டரைத் தூக்கிப் போடாமல் கையோடு எடுத்துப் போங்கள், வண்டி ஆறியிருக்கும்போது எப்படி, சூட்டில் எப்படி என்று சொல்லத் தெரிந்த டிரைவரையும் கூட்டிப் போங்கள். அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.