டி.இ.ஓ.எஸ். வாங்கப் போகிறீர்களா? என் மூன்று மாத உதவித்தொகை போன கதையைப் படித்துவிட்டு வாங்குங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆய்வக வேதிப்பொருள்கள் விற்கும் ஓர் இணையக் கடையில் டி.இ.ஓ.எஸ். என்ற, சிலிக்கா தரும் நீர்மத்தை வாங்கப் போய் என் மூன்று மாத உதவித்தொகை மொத்தமாகப் போய்விட்டது. சால்-ஜெல் வேலை, அதாவது நீர்மத்தை (சால்) ஜெல்லாக உறையவைத்துச் சுட்டுப் பீங்கான் ஆக்கும் வேலை செய்யும் வேறு யாரும் இப்படி மாட்டக் கூடாது. வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

அலுமினா இழைத்துணிக்குள், அலுமினாவும் சிலிக்காவும் சேர்ந்த மல்லைட் பீங்கானை நிரப்பிக் கலப்புப் பொருள் செய்வதுதான் என் ஆய்வு. அலுமினா தரும் போமைட் நீர்மத்தையும் (சால்) டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிக்கேட்டையும், அதாவது டி.இ.ஓ.எஸ்.ஸையும் கலந்து துணியில் ஊற விடுவேன். ஜெல் ஆனதும் உலர்த்திச் சுட்டு, திரும்பவும் ஊற விட வேண்டும். ஜெல் காயும்போது சுருங்கிவிடுவதால் ஒரு தடவையில் துளைகள் அடையாது; ஒரு தகட்டுக்கு எட்டுச் சுற்றுகள். இதில் அளவுதான் உயிர். மல்லைட்டில் எடைப்படி அலுமினா 71.8 சதவீதம், சிலிக்கா 28.2 சதவீதம்.

விலை குறைவு என்பதற்காக நான் அங்கே போகவில்லை. போனில் பேசியவர் எடுத்த எடுப்பிலேயே, "ஹைட்ராலிசிஸ் அமிலத்துலயா மேடம், காரத்துலயா?" என்று கேட்டார். டி.இ.ஓ.எஸ்.ஸைத் தண்ணீரோடு வினைபுரிய வைக்கும் கட்டத்தைப் பற்றிய அந்தக் கேள்வியில்தான் விழுந்தேன். விற்கிற பொருளைப் பற்றித் தெரிந்த ஒருவர் கிடைத்துவிட்டார் என்று எவ்வளவு நிம்மதியாக இருந்தது! "99 சதவீதம் மேடம், நைட்ரஜன் நிரப்பித்தான் அனுப்புவோம்" என்றார். பகுப்பாய்வுச் சான்றிதழும் வந்தது. பாட்டில்களுக்கும் இழைத்துணிக்கும் சேர்த்து மூன்று மாத உதவித்தொகையை அன்று சாயங்காலமே கட்டிவிட்டேன்.

மறுநாள் வரை தண்ணீராக இருக்க வேண்டிய சால், மதியத்துக்குள் உறைந்தது. பீக்கரைச் சாய்த்தால் அசையவில்லை. என் கைப்பிழை என்று நினைத்துத் தண்ணீர் அளவை மாற்றினேன், அமிலத்தை மாற்றினேன். இரண்டு வாரம் இப்படியே போனது. சுட்ட தகடுகளில் விரிசல். எக்ஸ்ஆர்டி (படிகங்களை அடையாளம் காட்டும் எக்ஸ்-கதிர்ச் சோதனை) எடுத்தால் மல்லைட்டோடு 22 டிகிரி பக்கத்தில் கிறிஸ்டோபலைட் என்ற சிலிக்காப் படிகம் நிற்கிறது. எங்கிருந்து வந்தது இவ்வளவு சிலிக்கா?

அப்புறம்தான் பாட்டிலைச் சந்தேகப்பட்டேன். 100 மில்லி எடுத்து நிறுத்தேன். 93 கிராம் காட்ட வேண்டிய தராசு 106 காட்டியது. 10 கிராமை ஜெல்லாக்கி, உலர்த்தி, மூசையில் 1000 டிகிரியில் சுட்டேன். சுத்தமான டி.இ.ஓ.எஸ். என்றால் ஏறக்குறைய 2.9 கிராம் சிலிக்கா மிஞ்சும். எனக்கு மிஞ்சியது 4 கிராம். வந்தது எத்தில் சிலிக்கேட் 40! துத்தநாகப் பெயிண்டுக்கும் வார்ப்பு அச்சுக்கும் போகிற, மூலக்கூறுகள் ஏற்கெனவே பாதி இணைந்துவிட்ட தொழிற்சாலைச் சரக்கு. அந்த வேலைகளுக்கு அது நல்ல பொருள்தான். ஆனால் டி.இ.ஓ.எஸ். லேபிள் ஒட்டி விற்றால் அது மோசடி. என் மல்லைட்டில் சிலிக்கா 28 சதவீதத்திலிருந்து 35 சதவீதத்துக்கு ஏறிவிட்டது. துணிக்குள் போய் ஜெல்லாகிச் சுடப்பட்டதை இனி வெளியே எடுக்கவும் முடியாது. துணியும் போச்சு.

போன் செய்தேன். "சீல் உடைச்சிட்டீங்களே மேடம்." சீலை உடைக்காமல் எப்படிச் சோதிப்பது? அடுத்த தடவை, "உங்க லேபில் ஈரம் பட்டிருக்கும்." ஈரம் பட்டிருந்தால் பாட்டிலுக்குப் பாட்டில் வேறுபடாதா, ஐந்திலும் அச்சாக அதே 106 கிராம் எப்படி வரும் என்று கேட்டேன். "டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்க." யாரும் கூப்பிடவில்லை. இரண்டு மின்னஞ்சல்களுக்கும் தானியங்கிப் பதில். சான்றிதழில் இருக்கும் லாட் எண்ணும் (தயாரிப்புத் தொகுதியின் எண்) பாட்டிலில் இருக்கும் லாட் எண்ணும் வேறு வேறு என்பதை அப்போதுதான் கவனித்தேன். அதைப் படம் எடுத்து அனுப்பிய பிறகு என் எண்ணையே தடுத்துவிட்டார்கள். மூன்று மாத உதவித்தொகை! ஒரு பைசா திரும்பவில்லை.

விவரமாக எழுத இப்போது பொறுமை இல்லை. லாட் எண்ணை ஒப்பிடுங்கள். திறந்த உடனே அடர்த்தி பாருங்கள், 20 டிகிரியில் 0.93 பக்கம் வர வேண்டும். மூசைச் சோதனை முடியும்வரை இழைத்துணியைத் தொடாதீர்கள். முதலில் ஒரே ஒரு பாட்டில் வாங்குங்கள், பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வையுங்கள். போனில் எவ்வளவு வேதியியல் பேசினாலும் முழுப் பணத்தை முன்கூட்டியே கட்டாதீர்கள்.