120 லிங்க் வாங்கி 118 மாட்டினேன்: டிஐடி 520விஎக்ஸ்3 செயின்

ஜப்பான் டிஐடி கம்பெனியின் இந்த பைக் செயின் அருமையான சரக்கு. ஆனால் உங்கள் மெக்கானிக்கிடம் ரிவிட் டூல் (செயின் பின்னைத் தள்ளவும், அதன் முனையை விரித்துப் பூட்டவும் உதவும் கருவி) இல்லையென்றால் இதற்குக் காசைக் கொட்டாதீர்கள். சுத்தியலும் உளியும் வைத்து மாட்டப்போகிறவருக்கு இந்தச் செயினும் ஒன்றுதான், சாதா செயினும் ஒன்றுதான்.

வண்டி கேடிஎம் டியூக் 390, 2016 மாடல். எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு டூல் ரூமில் வேலை. வெர்னியர் (நுட்பமாக அளக்கும் கருவி) பிடித்துப் பழகிய கைக்கு எதைப் பார்த்தாலும் அளக்கத் தோன்றும். பழைய செயினில் கிளம்பும்போதெல்லாம் ஒரு வெட்டு வெட்டியது. சர்வீஸுக்கு விட்ட இடத்தில் "இன்னும் ஓடும் சார், டைட் வெச்சிடலாம்" என்றார்கள். வைத்தார்கள். ஒரு பக்கம் சக்கரத்தைச் சுற்றினால் கம்பி மாதிரி விறைப்பு, இன்னொரு பக்கம் தொளதொளவென்று தொங்கல்.

சரி, அளந்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். 520 செயினுக்குப் பிட்ச், அதாவது ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடுவரை உள்ள தூரம், எட்டில் ஐந்து பங்கு அங்குலம், அதாவது 15.875 மி.மீ. பத்துப் பிட்ச் சேர்த்தால் 158.75 வர வேண்டும். செயினை இழுத்துப் பிடித்து, ஒரு பின்னின் நடுவிலிருந்து பதினோராவது பின்னின் நடுவரை அளந்தால் ஓர் இடத்தில் 160.1, இன்னோர் இடத்தில் 161.4. பெரிய எண்ணைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். அது ஒன்றரை சதவீதத்தைத் தாண்டிய தேய்மானம். அதைவிட மோசமானது இரண்டு இடத்துக்கும் உள்ள வித்தியாசம். இப்படி ஏறுக்குமாறாகத் தேய்ந்ததை எந்த அட்ஜஸ்டரும் சரிசெய்யாது. ஒரு இடத்துக்குச் சரியாக வைத்தால் மறு இடத்தில் தப்பாகும்.

"செயின் நீண்டுபோச்சு" என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் லிங்க்கின் இரும்புப் பட்டை எதுவும் நீளுவதில்லை. பின்னும் அதைச் சுற்றியிருக்கும் குழாயான புஷ்ஷும் உரசித் தேய்ந்து ஒவ்வொரு மூட்டிலும் துளி இடைவெளி விழுகிறது. மூட்டுக்கு 0.1 மி.மீ. என்று வைத்துக்கொண்டாலும் 118 மூட்டுக்கு 11.8 மி.மீ. ஆகிவிடும். அந்த மூட்டுக்குள் கிரீஸ் தங்க வேண்டும், மண்ணும் தண்ணீரும் போகக்கூடாது. இந்தச் செயினுக்குக் கூடுதல் விலை கொடுப்பது இதற்காகத்தான். பட்டைகளுக்கு நடுவே எக்ஸ் வடிவ வெட்டுள்ள ரப்பர் வளையங்கள், அதாவது எக்ஸ்-ரிங். வட்ட வெட்டுள்ள சாதா ஓ-ரிங் மொத்தமாக நசுங்கி உரசும். எக்ஸ்-ரிங் விளிம்புகளில் மட்டும் தொடுவதால் உரசலும் குறைவு, கிரீஸும் நன்றாக நிற்கிறது.

உள்ளூர்ச் சரக்கு ஏன் வாங்கவில்லை என்று நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. டிஐ-யின் டைமண்ட் செயின் நான் வேலை பார்க்கிற அம்பத்தூர்ச் சரக்கு, ரோலான் கோயம்புத்தூர் எல்ஜிபி-யுடையது. அப்பாவின் ஸ்பிளெண்டரில் ரோலான் கிட்தான், ஒரு குறையும் இல்லை. ஆனால் அது 428 செயின், முழு மூடிக்குள் ஓடுகிறது, வண்டியின் இழுவையும் கொஞ்சம். டியூக்கில் செயின் திறந்த வெளியில், மழைச் சேறு நேராக அதன் மேல்தான் அடிக்கும். அதனால் எக்ஸ்-ரிங், ரிவிட் லாக் (இரண்டு முனையையும் சேர்த்து, பின்னை விரித்துப் பூட்டும் இணைப்பு லிங்க்) என்று முடிவு செய்தேன்.

சென்னையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் நிறைந்த ஜிபி ரோட்டில் வாங்கினேன். செயின் மட்டும் ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. கவுன்டரில் இருந்த அண்ணன் "525 இருக்கு தம்பி, இன்னும் ஸ்ட்ராங்" என்று எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றேன். முதல் எண் பிட்ச், எட்டில் எத்தனை பங்கு அங்குலம் என்பது. அடுத்த இரண்டு எண் உள் அகலத்தைச் சொல்கிறது. 520, 525, 530 மூன்றுக்கும் பிட்ச் ஒன்றுதான். அகலம்தான் 6.35, 7.94, 9.53 மி.மீ. என்று ஏறிக்கொண்டே போகும். 520-க்கு அறுத்த பல்லில் (செயின் ஓடும் பல்சக்கரத்தில்) 525-ஐப் போட்டால் மாட்டும்தான், ஓடவும் செய்யும், பக்கவாட்டில் ஆடிக்கொண்டே பல்லையும் தின்றுவிடும். அகலமான செயின் வேண்டுமென்றால் முன்னும் பின்னும் பல்லையும் மாற்ற வேண்டும். தெரு வண்டிக்கு அது தேவையே இல்லை.

பெட்டியைத் திறந்ததும் பட்டைகளில் 520விஎக்ஸ்3 என்ற முத்திரையைப் பார்த்துக்கொண்டேன். ரோலர் விட்டம் வெர்னியரில் 10.16. பத்துப் பிட்ச் 158.7, இன்னோர் இடத்திலும் அதே 158.7. மனசு நிறைந்தது.

இப்போது அளவு. பெட்டியில் இருப்பது 120 லிங்க். என் வண்டிக்கு வேண்டியது 118. பழைய செயினைத் தரையில் நீட்டிப்போட்டு, பத்துப் பத்தாகச் சாக்பீஸ் கோடு போட்டு எண்ணினேன். புதியதைப் பழையதன் பக்கத்தில் வைத்து நீளம் பார்த்து வெட்டுகிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. பழையது தேய்ந்து கூடியிருக்கும், கண் ஏமாற்றும். எண்ணிக்கைதான் கணக்கு. சேர்க்கிற லாக்கும் எண்ணிக்கையில் அடக்கம் என்பதை மறக்கக்கூடாது. அதனால் செயினில் 117 நிறுத்தி, லாக் சேர்ந்தால் 118. இரண்டு முனையிலும் உள் லிங்க் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் லாக் உட்காராது. ஆகவே மொத்த எண் எப்போதும் இரட்டைப்படைதான்.

பின்பல்லை மாற்றுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. இரண்டு பல் கூட்டினாலும் குறைத்தாலும் தேவைப்படும் நீளம் ஏறக்குறைய ஒரு பிட்ச் மாறும். செயினில் ஒற்றை லிங்க் வெட்ட முடியாது, எனவே ஆக்ஸில்தான் நகர வேண்டும், சுமார் 8 மி.மீ. என் நண்பர் 45-க்குப் பதில் 43 போட்டு அதே 118-ஐ மாட்டினார். சக்கரம் பின்னால் போய் அட்ஜஸ்டரில் பாதி இடம் முதல் நாளே காலி. நான் கம்பெனி அளவான 15-க்கு 45-ஐயே வைத்துக்கொண்டேன், ஸ்டீல் பல். இரண்டும் ஒற்றைப்படை என்பது எனக்குப் பிடித்த விஷயம்: இரட்டைப்படைச் செயினில் ஒவ்வொரு பல்லும் ஒரு சுற்று உள் லிங்கையும் அடுத்த சுற்று வெளி லிங்கையும் சந்திக்கும், தேய்மானம் பகிர்ந்துபோகும். இது டூல் ரூம் பைத்தியம், கண்டுகொள்ளாதீர்கள். பழைய பல்லில் புதுச் செயின் மட்டும் போடாதீர்கள் என்பதை மட்டும் கண்டுகொள்ளுங்கள்.

மாட்டியது பாடி பக்கம் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். அந்த மெக்கானிக்கிடம் டூல் பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் வண்டியைக் கொடுத்தேன். முதலில் வெட்ட வேண்டிய பின்னின் தலையைக் கிரைண்டரில் பட்டைக்குச் சமமாகத் தேய்த்துவிட்டு, பிறகுதான் டூலால் தள்ளினார். தலையோடு தள்ளினால் பக்கத்துப் பட்டையின் ஓட்டை கெடும். லாக்கோடு வந்த கிரீஸைப் பின்னிலும் நான்கு வளையத்திலும் பூசி, வெளிப்பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினார். "எவ்ளோ போகணும் அண்ணே?" என்றேன். "பக்கத்து லிங்க்கோட அகலம் பாத்துக்க. அதைத் தாண்டினா ரப்பர் நசுங்கிடும், மூட்டு மடங்காது" என்றார். வெர்னியரை நீட்டினேன். சிரித்துக்கொண்டே வாங்கி அளந்தார். பின்னின் வாயை விரித்த பிறகு விட்டம் 5.6. பெட்டியில் வந்த தாளில் போட்டிருந்த வரம்புக்குள்தான் இருந்தது. விரிந்த விளிம்பில் வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்தும் பார்த்தார். மூட்டை விரலால் மடக்கினால் மற்ற மூட்டுகளைப் போலவே மடங்கியது.

பின்பல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவே அதிர்வைத் தாங்கும் கப்ளிங் ரப்பரையும் அவரே கழற்றிக் காட்டினார். அது தளர்ந்திருந்தால் புதுச் செயின் போட்டும் வெட்டு போகாது. என்னுடையதும் மாற்ற வேண்டியதாயிற்று.

லூஸ் வைக்கிற இடத்தில்தான் அவர் மேல் மதிப்பு கூடியது. ஸ்டாண்டில் நின்ற வண்டியில் அளவு வைத்துவிட்டு, என்னையும் இன்னொருவரையும் உட்காரச் சொல்லி மறுபடி பார்த்தார். முன்பல், ஸ்விங் ஆர்ம் பிவட் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை வண்டியோடு மூட்டும் இடம்), பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் அதிக விறைப்பாக இருக்கும். அங்கும் துளி லூஸ் மிச்சம் வேண்டும், இல்லையென்றால் கியர்பாக்ஸ் பேரிங் அடிவாங்கும். ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகளை நம்பாமல், பிவட்டிலிருந்து ஆக்ஸில் வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்தார்.

ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டிவிட்டேன். திருப்பதிக்கும் ஏலகிரிக்கும் போய்வந்தேன். லூஸ் பெரிதாக மாறவில்லை, சத்தம் குறைந்திருக்கிறது. ஸ்டாண்டில் போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் எல்லா இடத்திலும் ஒரே தொங்கல். ரிங் இருக்கிறதே என்று எண்ணெய் போடாமல் விடக்கூடாது. ரோலருக்கும் பல்லுக்கும் நடுவே வெளியிலிருந்துதான் போக வேண்டும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, 90 நம்பர் கியர் ஆயிலை உள்பக்கம் விடுகிறேன், மிஞ்சியதைத் துடைத்துவிடுகிறேன். பெட்ரோலும் கம்பிப் பிரஷும் ரப்பருக்கு எமன்.

குறைகளும் உண்டு. தங்க நிறம் பல் படும் இடத்தில் சீக்கிரமே வெளுத்துவிட்டது. தாளில் உள்ள எழுத்து எறும்பு சைஸ். 118-ஆகவே கிடைத்தால் வெட்டுக்கூலி மிச்சமாகும், நான் ஏறி இறங்கிய கடைகளில் 120 மட்டும்தான் இருந்தது. பல்லும் ரப்பரும் கூலியும் சேர்ந்து பன்னிரண்டாயிரத்தை நெருங்கிவிட்டது. தினமும் பத்து கிலோமீட்டர் ஆபீஸ் போய்வருகிறவருக்கு இது அதிகம், அவர் ஓ-ரிங் கிட் போட்டுக்கொள்ளலாம். நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர், மழையில் வண்டியை உள்ளே நிறுத்த இடமில்லாதவர் தாராளமாக வாங்கலாம். மாட்டப்போகும் நாளில் கிளிப் லாக் (பின்னை விரிக்காமல் கிளிப் மாட்டிப் பூட்டுவது) போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், டூல் இல்லை என்று அர்த்தம். செயினைத் திரும்பப் பெட்டியில் போட்டு வேறு கடைக்குப் போங்கள்.