வேலூர் சிஎம்சி ரிஹாப், பாகாயம்: அண்ணன் கூட தங்கி பார்த்ததை வச்சு எழுதுறேன்

டாக்டர் மேரி வர்கீஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் ரிஹாபிலிடேஷன்னு போர்டுல இருக்கும், ஆனா அங்க எல்லாரும் ரிஹாப்னு தான் சொல்லுவாங்க. வேலூர் டவுனுக்குள்ள இருக்கிற பெரிய சிஎம்சி (கிறிஸ்டியன் மெடிக்கல் காலேஜ்) ஆஸ்பத்திரி இல்ல இது, மெடிக்கல் காலேஜ் இருக்கிற பாகாயம் பக்கம், மரமும் அமைதியுமா இருக்கிற இடம். முதுகுத்தண்டுல அடிபட்டு கால் செயலிழந்து போனவங்க, கையும் காலும் சேர்ந்து செயலிழந்து போனவங்க, தலையில அடிபட்டவங்க இவங்கள்லாம் குடும்பத்துல ஒரு ஆளோட வந்து தங்கி மறுவாழ்வு பயிற்சி எடுக்குற இடம். யாராவது வீட்ல இப்படி ஒருத்தரை வச்சுக்கிட்டு என்ன செய்யன்னு தெரியாம உக்காந்திருந்தா அவங்களுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

எங்க அண்ணன் தென்னை மரத்துல இருந்து விழுந்தாங்க. இடுப்புக்கு கீழ ஒண்ணும் தெரியல. முதல்ல சேர்த்த ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணி ராடு வச்சாங்க, அது நல்லபடியாத்தான் முடிஞ்சது, ஆனா டிஸ்சார்ஜ் அன்னைக்கு "இனிமே இப்படித்தான், வீட்ல வச்சு பாத்துக்கோங்க"ன்னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க. எப்படி பாத்துக்கணும்? அதை யாரும் சொல்லல. யூரின் டியூப் எப்ப மாத்தணும், எவ்வளவு நேரத்துக்கு ஒருக்க திருப்பி படுக்க வைக்கணும், ஒண்ணுமே தெரியாது. வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்லயே முதுகுக்கு கீழ படுக்கைப்புண் வந்துடுச்சு, உணர்ச்சி இல்லாததால அண்ணனுக்கு வலியே தெரியல, வாடை வந்த பிறகு தான் மதினி பாத்தாங்க.

அந்த நேரத்துல வீட்டுக்கு ஜெபிக்க வந்தவங்க நிறைய பேர். பெரும்பாலானவங்க அன்போட வந்தாங்க, சோறு கொண்டு வந்தாங்க, ராத்திரி துணைக்கு இருந்தாங்க, அதை நான் மறக்கவே மாட்டேன். ஆனா ஒரு சிலர் கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டு இயேசு ஒரு நோயாளியை எழுப்பினப்ப சொன்ன "எழுந்திரு, உன் படுக்கையை எடுத்துக்கொண்டு நட"ங்கிற பைபிள் வசனத்தை சத்தமா சொல்லி, விசுவாசிச்சா இப்பவே எழும்பலாம்னு கையை பிடிச்சு இழுத்தாங்க. அவங்க போன பிறகு அண்ணன் சுவரை பாத்து படுத்துக்கிட்டு யார்கிட்டயும் பேசாம இருந்தாங்க. கால் போனதை விட, தனக்கு விசுவாசம் பத்தலையோங்கிற கேள்வி தான் அவங்களை ஜாஸ்தி உடைச்சது, இதை நான் கோவத்தோட தான் எழுதுறேன், ஏன்னா உயிர்த்தெழுதலை நம்புறவங்க ஒரு நோயாளிகிட்ட செய்யக்கூடாத காரியம் இது.

ரிஹாப்ல இதுக்கு நேர் எதிர். முதல் தடவை டாக்டர் பாக்கும்போதே அண்ணன் முகத்தை பாத்து பேசினாங்க, மதினிகிட்டயோ என்கிட்டயோ இல்ல, அண்ணன்கிட்ட. நடக்க முடியுமான்னு அண்ணன் கேட்டாங்க. அதுக்கு பொய்யும் சொல்லல, மூஞ்சியில அடிச்ச மாதிரியும் சொல்லல. அடி முழுசா இருக்கு, நரம்பு திரும்ப வேலை செய்ய வாய்ப்பு ரொம்ப குறைவு, ஆனா நீங்களே எழும்பி உக்காந்து, நீங்களே குளிச்சு, நீங்களே வண்டி ஓட்டி, சம்பாதிச்சு சாப்பிட முடியும், அதை நாங்க சொல்லி தர்றோம்னாங்க. அண்ணன் அன்னைக்கு அழுதாங்க. உண்மையை கேட்ட பிறகு வர்ற அழுகை வேற, வீட்ல சுவரை பாத்துக்கிட்டு படுத்திருந்தப்ப இருந்தது வேற.

இந்த இடம் எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சா தான் அங்க நடக்குறது புரியும். மேரி வர்கீஸ் கேரளாக்காரங்க, சிஎம்சில படிச்சு அங்கேயே டாக்டரா இருந்தவங்க. 1954ல ஒரு ரோடு ஆக்சிடன்ட்ல அவங்களுக்கே முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்கு கீழ செயலிழந்து போச்சு, அப்ப வயசு முப்பது கூட ஆகல. தொழுநோயில மடங்கி போன கைகளை ஆபரேஷன்ல சரி பண்ண முடியும்னு அதே சிஎம்சில காட்டினவர் டாக்டர் பால் பிராண்ட், அவர் தான் கையில ஆபரேஷன் பண்றதை உக்காந்துக்கிட்டே பண்ணலாமேன்னு மேரியை அந்த பக்கம் இழுத்தார். வீல்சேர்ல உக்காந்தபடியே தொழுநோயாளிங்க கைக்கு ஆபரேஷன் பண்ணாங்க. பிறகு அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படிச்சிட்டு திரும்பி வந்து, 1966ல இந்த ரிஹாப். நம்ம நாட்டுல நோயாளிங்க தங்கி மறுவாழ்வு பயிற்சி எடுக்குற இடங்கள்ல இது தான் முன்னோடி. 1972ல பத்மஸ்ரீ, 1986ல காலமானாங்க. கடைசி வரைக்கும் அவங்க எழும்பி நடக்கல. அவங்க விசுவாசம் குறைச்சல்னு யாராவது சொல்ல முடியுமா?

எனக்கு இதுல தான் ஒரு காரியம் தெளிவாச்சு. உயிர்த்தெழுந்த ஆண்டவர், அதை நம்பாம சந்தேகப்பட்ட சீஷன் தோமாவுக்கு என்ன காட்டினார்? ஆணி அடிச்ச கையை காட்டினார், குத்தின விலாவை காட்டினார். கல்லறைக்குள்ள மரணத்தை ஜெயிச்சவருக்கு அந்த தழும்பை எடுத்துப்போட தெரியாதா? எடுக்கல. தழும்போட தான் எழும்பினார், தழும்போட தான் கதவு பூட்டியிருந்த வீட்டுக்குள்ள வந்து உங்களுக்கு சமாதானம்னு சொன்னார். சின்ன வயசுல இருந்து ஒவ்வொரு ஈஸ்டருக்கும் விடியக்காலை ஆராதனையில "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்"னு சத்தமா சொல்லி வளர்ந்தவ நான், ஆனா பழைய உடம்பு பழைய மாதிரியே திரும்ப கிடைக்குறது தான் உயிர்த்தெழுதல்னு மனசுல ஒரு நினைப்பு எங்க எல்லாருக்குமே இருந்துச்சு. ரிஹாப்ல யாருக்கும் பழைய உடம்பு கிடைக்கல. ஆனா செத்துட்டோம்னு படுத்திருந்தவங்க எழும்புறதை கண்ணால பாத்தேன்.

சரி, அங்க நாள் முழுக்க என்ன நடக்கும்னு சொல்றேன், இது தான் நிறைய பேர் கேக்குறது. படுக்கையில இருக்கும்போது ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க திருப்பி படுக்க வைக்கணும், ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் சரி. வீல்சேர்ல உக்காந்தா கால் மணி நேரத்துக்கு ஒருக்க கையை ஊனி உடம்பை தூக்கி இறக்கணும், இல்லன்னா உக்கார்ற இடத்துல ரத்த ஓட்டம் நின்னு புண் ஆகிடும். தினம் கண்ணாடி வச்சு முதுகு, பிட்டம், குதிகால் எல்லாம் தானே பாக்கணும், சிவந்திருந்தா அன்னைக்கு அந்த பக்கம் அழுத்தமே கூடாது. யூரினுக்கு எப்பவும் டியூப் போட்டு பையை தொங்க விட்டுக்கிட்டு இருக்க வேண்டாம், நாலு இல்ல ஆறு மணி நேரத்துக்கு ஒருக்க தானே கை கழுவிட்டு கதீட்டர் போட்டு எடுத்துட்டு கழட்டிடலாம்னு சொல்லி தர்றாங்க, அதுக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறோம் எவ்வளவு போகுதுன்னு நோட்டுல எழுதணும். மோஷனுக்கு ஒரு நேரம் பழக்கணும். சூடான பாத்திரம் கால்ல பட்டா தெரியாது, அதனால டீ கிளாசை தொடை மேல வைக்காதீங்கன்னு கூட சொல்லி தர்றாங்க.

ஜிம்ல முதல் நாட்கள் கஷ்டம். ரொம்ப நாள் படுத்தே இருந்தவங்களை உடனே நிமித்தினா பிரஷர் இறங்கி மயக்கம் வரும், அதனால டில்ட் டேபிள்னு ஒரு கட்டில்ல பெல்ட் போட்டு கொஞ்சம் கொஞ்சமா சாய்ச்சு நிக்க வைக்கிறாங்க. அப்புறம் பாய்ல புரள்றது, உக்காந்து பேலன்ஸ் பண்றது, கட்டில்ல இருந்து வீல்சேருக்கு மாறுறது, ரெண்டு பக்கமும் கம்பி இருக்கிற பாரலல் பாரை பிடிச்சு, காலுக்கு தாங்கலா மாட்டுற காலிபர் போட்டு நிக்கிறது. அண்ணன் யார் உதவியும் இல்லாம கட்டில்ல இருந்து வீல்சேருக்கு மாறின அன்னைக்கு அந்த ஹால்ல இருந்த எல்லாருமே கை தட்டினாங்க, பக்கத்து பெட்ல பங்களாதேஷ்ல இருந்து வந்திருந்த ஒரு முஸ்லிம் பையன் தான் ரொம்ப சத்தமா தட்டினான். அவன் அம்மாவுக்கும் மதினிக்கும் பொதுவா ஒரு பாஷை கூட கிடையாது, ஆனா யாரை எப்ப திருப்பி படுக்க வைக்கணும்னு ரெண்டு பேரும் மாறி மாறி எழுப்பி விட்டுக்குவாங்க.

ஜெபம் உண்டா, மதம் மாத்த பாப்பாங்களான்னு சிலர் போன்ல கேட்டாங்க. சிஎம்சி கிறிஸ்தவ ஆஸ்பத்திரி, ஆராதனை நடக்கும், பாட்டு கேக்கும், கேட்டா உக்காந்து ஜெபிப்பாங்க. நாங்க இருந்த வரைக்கும் யாரையும் யாரும் வற்புறுத்தி நான் பாக்கல. "ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்ய" வந்தவரை பத்தின வசனம் தான் சிஎம்சியோட குறிக்கோள், அது சுவத்துல மட்டும் இருந்தா நான் இந்த ரிவ்யூவே எழுதியிருக்க மாட்டேன். அண்ணனோட புண்ணை தினம் கழுவி கட்டு போட்ட நர்ஸ் தங்கச்சி முகத்தை ஒரு நாள் கூட சுளிக்கல, மூக்கை மூடல, கழுவிக்கிட்டே உங்க ஊர்ல இப்ப மழையா அண்ணான்னு கேட்டுக்கிட்டு இருப்பா. அன்புங்கிறதை பிரசங்கத்துல எத்தனையோ தடவை கேட்டிருக்கேன், அந்த பொண்ணு கை செய்யுற வேலையை பாத்தப்ப தான் லாசரு கதையில ஒரு இடம் மனசுல தச்சுது. செத்து கல்லறையில இருந்த லாசருவை கூப்பிட்டு எழுப்பினது ஆண்டவர். ஆனா அவன் வெளிய வந்த பிறகும் கை கால்ல சீலை சுத்தியே இருந்துச்சு, அப்ப சுத்தி நின்னவங்களை பாத்து "இவனைக் கட்டவிழ்த்துவிடுங்கள்"னு சொல்றார். அவிழ்க்கிற வேலையை நமக்குன்னு விட்டுட்டார். ஃபிசியோதெரபிஸ்ட்டும், அன்றாட வேலையை தானே செய்ய பழக்குற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டும், நர்சும், ராத்திரி ரெண்டு மணிக்கு எழும்புற மதினியும் அந்த வேலையைத்தான் செய்யுறாங்கன்னு நான் நம்புறேன், அவங்கள்ல பாதி பேர் கிறிஸ்தவங்களா இல்லாம இருக்கலாம், அது அந்த வேலையோட மதிப்பை குறைக்காது.

வீட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி வீட்டை பத்தி கேட்டாங்க. வாசப்படி எத்தனை, பாத்ரூம் கதவு அகலம் எவ்வளவு, தரையில உக்கார்ற கக்கூசா, கட்டில் உயரம் என்ன. கதவு வீல்சேரை விட சின்னதா இருந்தா அவ்வளவு பயிற்சியும் வீண் தானே. அளவு எடுத்து அனுப்ப சொன்னோம், எங்க வாலிபர் சங்கத்து பசங்க வீட்டு வாசல்ல சாய்தளம் போட்டாங்க, அதே வாரத்துல சர்ச் வாசல்லயும் ஒண்ணு போட்டாங்க. யாரும் அவங்களை கேக்கல. அண்ணனுக்கு முன்னாடி எங்க சபையில வீல்சேர்ல யாரும் வந்ததே இல்ல, சாய்தளம் போட்ட பிறகு பார்த்தா கம்பு ஊனி வர்ற பாட்டிமாருங்க எல்லாரும் அந்த வழியாத்தான் வர்றாங்க.

அண்ணன் இப்ப ஜெராக்ஸ் கடை வச்சிருக்காங்க, பக்க சக்கரம் பொருத்தின ஸ்கூட்டர்ல போய் வர்றாங்க. சர்ச்ல எல்லாருக்கும் விருந்து போடுற அசன பண்டிகைக்கு முந்தின ராத்திரி மேடையில ஏறி சாட்சி சொல்ல கேட்டாங்க. அண்ணன் அது வேண்டாம்னுட்டு காய் வெட்டுற இடத்துக்கு வீல்சேரை உருட்டிக்கிட்டு வந்து விடிய விடிய வெங்காயம் உரிச்சாங்க, மத்த ஆம்பளைங்களோட உக்காந்து கதை பேசிக்கிட்டு. அது போதும்னு எனக்கு பட்டுச்சு. வேற ஊர்ல யாராவது மரத்துல இருந்தோ பைக்ல இருந்தோ விழுந்து இடுப்புக்கு கீழ போச்சுன்னு கேள்விப்பட்டா அண்ணனும் மதினியும் கிளம்பி போய்டுவாங்க. மதினி அந்த வீட்டு பொம்பளைங்களுக்கு புண் பாக்குறது எப்படின்னு காட்டுவாங்க, அண்ணன் கதீட்டர் போடுறதை அந்த ஆள்கிட்ட தனியா கதவை சாத்திட்டு சொல்லி கொடுப்பாங்க. கட்டில் பக்கத்துல நின்னு எழும்பு எழும்புன்னு மட்டும் சொல்ல மாட்டாங்க.

இப்போ போக நினைக்கிறவங்களுக்கு. நேரா போய் அட்மிஷன் கேக்க முடியாது, முதல்ல பிஎம்ஆர் ஓபில, அதாவது மறுவாழ்வு மருத்துவப் பிரிவோட வெளிநோயாளி பகுதியில, டாக்டர் பாத்து தான் முடிவு பண்ணுவாங்க, இடத்துக்கு காத்திருக்க வேண்டி வரும், அப்பாயின்ட்மென்ட் போடும்போதே எந்த கேம்பஸ்னு கேட்டுக்கோங்க. காட்பாடி ஸ்டேஷன்ல இறங்கினா பாகாயத்துக்கு டவுன் பஸ் இருக்கு, ஆனா நோயாளியை படுக்க வச்சு கூட்டிட்டு வர்றதுன்னா ஆம்புலன்ஸ் தான், நீளமான பயணம்னா வழியில நிறுத்தி நிறுத்தி திருப்பி படுக்க வைங்க. செலவை நினைச்சு பயந்து வீட்ல வச்சிருக்காதீங்க, உங்க நிலைமையை சோஷியல் வொர்க்கர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு, அரசு பராமரிப்பு உதவித்தொகைக்கு, ஸ்கூட்டருக்கு எல்லாம் தனித்தனியா மனு போடணும், அதுக்கான பேப்பரையும் டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே கேட்டு வாங்கிக்கோங்க. பழைய எம்ஆர்ஐ ஃபிலிம், ஆபரேஷன் பண்ண இடத்து டிஸ்சார்ஜ் சம்மரி, சாப்பிடுற மாத்திரை எல்லாம் கொண்டு போங்க. துணைக்கு போற ஆள் ரொம்ப முக்கியம், வீட்ல கடைசி வரைக்கும் பாத்துக்கப்போறவங்க யாரோ அவங்க தான் போகணும், லீவு கிடைச்ச ஆள்னு யாரையாவது அனுப்பினா அவங்க கத்துக்கிட்டது அவங்களோட போயிடும். வருஷத்துக்கு ஒருக்க பழைய நோயாளிங்க எல்லாரையும் கூப்பிட்டு ரிஹாப் மேளா நடத்துறாங்க, செக்கப்பும் உண்டு, வீல்சேர் போட்டியும் பாட்டும் உண்டு, தேதி கேட்டு வச்சுக்கோங்க. படுக்கைப்புண் வர்றதுக்கு முன்னாடியே போனா பயிற்சியை சீக்கிரம் ஆரம்பிக்கலாம், வந்துட்டா புண் ஆறுற வரைக்கும் உக்காரவே விட மாட்டாங்க, அதனால ஆபரேஷன் முடிஞ்சு டாக்டர் பயணம் பண்ணலாம்னு சொன்ன உடனே அப்பாயின்ட்மென்ட் போட்டுடுங்க.