பூட்லோடரின் முதல் எழுத்து: முழு சீரியல் டிரைவரா, டிபக் யுஆர்ட்டா?

புதிய போர்டில் யு-பூட்டை, அதாவது இயங்குதளத்தை எழுப்பும் பூட்லோடரை, ஏற்றி மின்சாரம் கொடுத்தாயிற்று. டெர்மினலில் ஒரு எழுத்தும் வரவில்லை. செயலி ஓடவே இல்லையா, முதன்மை நினைவகமான டிராம் எழவில்லையா, எல்லாம் ஒழுங்காக ஓடியும் சீரியல் டிரைவர் மட்டும் பேசவில்லையா? வெளியே இருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இந்த நேரத்தில் கைகொடுக்கப் பல வழிகள் உண்டு. யு-பூட்டின் டிரைவர் மாடலில் எழுதிய முழு சீரியல் டிரைவர், டிபக் யுஆர்ட் (யுஆர்ட் என்பது எழுத்துகளை சீரியலாக அனுப்பும் சுற்று), கன்சோலுக்கு முந்தைய நினைவகத் தாங்கி, ஜேடேக் என்ற டிபக் இணைப்பின் வழியே எழுத்தைக் கணினிக்கு அனுப்பும் செமிஹோஸ்டிங், கடைசியாக ஒரு எல்இடி. இவற்றை வசதியை வைத்து ஒப்பிடுவது பயன் தராது. ஒரு எழுத்து வெளியே வருவதற்கு முன் எத்தனை விஷயங்கள் சரியாக நடந்திருக்க வேண்டும் என்று கேட்டால்தான் வேறுபாடு தெரியும்.

முழு டிரைவரின் பட்டியல் நீளமானது. போர்டில் உள்ள சாதனங்களை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ படிக்கப்பட வேண்டும். அதன் சோசன் கணுவில் உள்ள, கன்சோல் எது என்று சொல்லும் எஸ்டிடிஅவுட்-பாத் சரியான யுஆர்ட்டைக் காட்ட வேண்டும். சாதனங்களைப் பதிவு செய்ய, யு-பூட் டிராமுக்கு இடம்பெயரும் முன் பயன்படுத்தும் சிறிய மாலோக் (நினைவக ஒதுக்கீட்டு) பகுதியில் இடம் இருக்க வேண்டும். கிளாக் டிரைவரும் சிப்பின் பின்களை அமைக்கும் பின்கன்ட்ரோல் டிரைவரும் அதற்குள் எழுந்திருக்க வேண்டும். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் மௌனம்தான். இவ்வளவையும் கொடுத்தால் பதிலுக்குக் கிடைப்பது முழுமையான கன்சோல்: விசைப்பலகை உள்ளீடு, பாட் ரேட்டை (சீரியல் வேகத்தை) ஓடும்போதே மாற்றும் வசதி, ஒரே பைனரியைப் பல போர்டுகளில் ஓட்டும் சுதந்திரம். கடைசியில் வெளியிடப் போவது இதைத்தான், அதில் விவாதமே இல்லை.

இது அதிகம் சறுக்கும் இடம் எஸ்பிஎல், அதாவது முழு யு-பூட்டுக்கு முன் ஓடும் அதன் சிறிய முதல் கட்டம். இடம் குறைவு என்பதால் எஸ்பிஎல்லுக்கான டிவைஸ் ட்ரீயை பில்டு முறை வெட்டிச் சுருக்குகிறது. எந்த பூட் கட்டத்துக்குத் தேவை என்று சொல்லும் பூட்ஃபேஸ் வகைக் குறிகள் இல்லாத கணுக்கள் அதில் காணாமல் போகும். 2023க்கு முந்தைய மூலநிரலில் இதே வேலையைச் செய்த குறிக்கு டிஎம்-ப்ரீ-ரீலொக் என்று பெயர். யுஆர்ட் கணுவுக்கு மட்டும் குறி போட்டுவிட்டு, அது சார்ந்திருக்கும் கிளாக், பின் கணுக்களை மறந்துவிடுவது வழக்கமான தவறு. இன்னொரு வேடிக்கையும் உண்டு. சீரியல் டிரைவரே கிடைக்கவில்லை என்றால் யு-பூட் அதைச் சொல்லிவிட்டுத்தான் நிற்கும். ஆனால் அந்தச் செய்தியை எதன் வழியாகச் சொல்வது? டிபக் யுஆர்ட் இயக்கப்பட்டிருந்தால் மட்டுமே அது கண்ணில் படும்.

டிபக் யுஆர்ட் நேர் எதிர். அடிப்படை முகவரி, கிளாக் வேகம், ரெஜிஸ்டர் இடைவெளி மூன்றையும் பில்டு செய்யும்போதே எண்ணாகப் பதித்துவிடுகிறோம். டிவைஸ் ட்ரீ, மாலோக், டிராம் எதுவும் வேண்டாம். 16550 வகை யுஆர்ட் என்றால் செய்வது இவ்வளவுதான்: லைன் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் அனுப்பும் இடம் காலி என்ற பிட் வரும்வரை சுற்றுவது, பிறகு எழுத்தைப் போடுவது. இதை இயக்கிவிட்டால், கன்சோல் தயாராகும் முன் வரும் சாதாரண பிரிண்ட்எஃப் வரிகளும் இதே வழியில் வெளியேறும். அனவுன்ஸ் தேர்வையும் போட்டுவிடுங்கள். தொடக்கத்திலேயே ஒரு வரி வந்து விழும்.

அந்த மூன்று எண்களில் கிளாக் தவறினால் குப்பை எழுத்துகள் வரும். குப்பை வருவது நல்ல சகுனம், செயலி உயிரோடு இருக்கிறது. 24 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் 115200 பாட் வேண்டுமானால் வகுத்தி (கிளாக்கை 16 × பாட்டால் வகுத்துக் கிடைக்கும் எண்) 13, பிழை 0.16 சதவீதம்தான். அதே கிளாக்கை 48 என்று தவறாகப் பதித்தால் வகுத்தி 26 ஆகி, உண்மையில் வெளியேறும் வேகம் பாதியாகும். டெர்மினலை 57600க்கு மாற்றிப் பாருங்கள். எழுத்து தெளிவாக வந்தால் தவறு எங்கே என்று விளங்கிவிடும். ரெஜிஸ்டர் இடைவெளி தவறினால் அப்படி ஒரு தடயமும் கிடைக்காது. பைட்டுக்கு ஒன்றாக இருக்க வேண்டிய ரெஜிஸ்டர்கள் பல சிப்புகளில் நான்கு பைட்டுக்கு ஒன்றாக வைக்கப்பட்டிருக்கும். அங்கே ஷிஃப்ட் 2 (2² = 4 பைட்) என்று கொடுக்காவிட்டால் ஸ்டேட்டஸைத் தவறான இடத்தில் படித்து, வராத பிட்டுக்காகச் செயலி சுற்றிக்கொண்டே இருக்கலாம்.

ராஸ்பெர்ரி பை 3 இதற்கு நல்ல பாடம். அதில் பிஎல்011 யுஆர்ட் வழக்கமாக புளூடூத்துக்குப் போய்விடும். வெளியே கிடைக்கும் மினி யுஆர்ட்டின் கிளாக் கோர் கிளாக்கோடு கட்டப்பட்டது. கோர் வேகம் மாறினால் பாட் ரேட்டும் மாறும். எனேபிள்_யுஆர்ட் என்ற அமைப்பை 1 ஆக்கினால் கோர் கிளாக் 250 மெகாஹெர்ட்ஸில் நிறுத்தப்படுகிறது, அதன்பிறகுதான் அந்த எண்ணை நம்ப முடியும்.

சரி, டிபக் யுஆர்ட்டே போதுமா? போதாது. அதற்கு உள்ளீடு கிடையாது, வேறு போர்டுக்குப் போனால் முகவரி பொருந்தாது. இவை எல்லோருக்கும் தெரிந்த குறைகள். என் கணிப்பில் பெரிய ஆபத்து வேறு: அது முழு டிரைவரின் தவறுகளை மறைத்துவிடும். பின் மக்ஸ் (பின் எந்த வேலைக்கு என்ற தேர்வு), கிளாக் கேட் (கிளாக்குக்கான சுவிட்ச்) ஆகியவற்றைத் திறக்கும் நிரலைப் போர்டின் டிபக் யுஆர்ட் தொடக்கச் செயற்கூறில் எழுதியிருப்போம். அதன்பின் வரும் முழு டிரைவர் ஏற்கெனவே திறந்த பின்களில் ஒழுங்காகப் பேசும். டிவைஸ் ட்ரீயில் பின் அமைப்பே இல்லை என்பது யாருக்கும் தெரியாது. வெளியீட்டு பில்டுக்காக டிபக் யுஆர்ட்டை அணைக்கும் அன்று போர்டு ஊமையாகும். அதனால் போர்டை எழுப்பும் வேலை நடக்கும்போதே, டிபக் யுஆர்ட் இல்லாத பில்டையும் கூடவே ஓட்டிப் பார்த்துக்கொண்டே வர வேண்டும்.

ஒன்றிலிருந்து மற்றதற்குக் கைமாறும் இடமும் கவனிக்க வேண்டியது. எழுத்துகள் இன்னும் ஃபிஃபோவில் (அனுப்பக் காத்திருக்கும் வரிசையில்) இருக்கும்போது முழு டிரைவர் யுஆர்ட்டை மீண்டும் அமைத்தால் வரியின் வால் சிதையும். அதைத் தடுக்கத்தான் யு-பூட்டின் 16550 டிரைவர், அனுப்பி முற்றிலும் காலி என்ற டெம்ட் பிட்டுக்காகக் காத்திருக்கிறது. ஆனால் சில தளங்களில் எஸ்பிஎல் கட்டத்தில் அந்த பிட் வருவதே இல்லை. காத்திருப்பே தொங்கலாகிவிடும். அதற்கென்றே ப்ரோக்கன் டெம்ட் என்று ஒரு கான்ஃபிக் தேர்வு வைத்திருக்கிறார்கள்.

கன்சோலுக்கு முந்தைய தாங்கி எனக்கு இரண்டாம் தரம்தான். வரிகளை சிப்புக்குள் இருக்கும் எஸ்ஆர்ஏஎம் போன்ற நினைவகத்தில் ஒரு நிலையான முகவரியில் சேர்த்துவைத்து, கன்சோல் எழுந்ததும் கொட்டுகிறது. கன்சோல் எழாவிட்டால் ஜேடேக்கால் நினைவகத்தைப் படித்துத்தான் பார்க்க வேண்டும். கோர்பூட் என்ற இன்னொரு பூட் ஃபர்ம்வேரின் சிபிமெம் கன்சோல் இதே எண்ணத்தை இன்னும் நன்றாகச் செய்கிறது. லினக்ஸ் எழுந்த பிறகும் ஒரு கட்டளையில் முழுப் பதிவையும் படிக்கலாம். சீரியல் இணைப்பே வெளியே தராத மடிக்கணினிகளில் அதன் அருமை தெரியும்.

செமிஹோஸ்டிங்குக்கு யுஆர்ட் பின்களே வேண்டாம், ஜேடேக் இருந்தால் போதும். ஒவ்வொரு அழைப்புக்கும் கோர் நின்று எழுவதால் மெதுவானது. டிபக்கர் இணைக்காமல் ஓட்டினால் அந்த அழைப்பைச் செய்யும் அறிவுறுத்தல் செயலியில் விதிவிலக்காகி (எக்செப்ஷன்), பூட் அங்கேயே நின்றுவிடலாம். ஆய்வு மேசைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ரிஸ்க்-ஃபைவ் போர்டுகளில் ஓப்பன்எஸ்பிஐ என்ற அடித்தள ஃபர்ம்வேர் முன்பே ஓடிக்கொண்டிருந்தால் அதன் கன்சோலையே கடன் வாங்கலாம். டிரைவர் எழுதும் வேலை மிச்சம், ஆனால் எஸ்பிஐக்கு முந்தைய கட்டத்துக்கு அது உதவாது.

எல்இடியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரு பின்னை உயர்த்த சில அறிவுறுத்தல்கள் போதும், ஸ்டாக் கூடத் தேவையில்லை. டிபக் யுஆர்ட்டும் பேசாதபோது எஸ்பிஎல்லின் தொடக்கத்தில் அதை ஏற்றிப் பாருங்கள். எரிந்தால் கிளாக், பின் எண்களை மீண்டும் சரிபார்க்கலாம். அந்தப் பின்னை இயக்கும் ஜிபிஐஓ சுற்றின் கிளாக்கைத் திறந்தும் எரியவில்லை என்றால், அப்புறம் சீரியலை நோண்டிப் பயனில்லை. பூட் மோட் பின்களையும், சிப்பில் பதிந்திருக்கும் பூட் ரோம் எதிர்பார்க்கும் இடத்தில் பிம்பம் எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.